வேரில் கறுப்பு

அத்தியாயம் பதினொன்று

என் கணவர் அர்கிரிஸ் நவம்பரில் போனார். இதயம் நின்றுவிட்டது என்றார்கள். பிப்ரவரியில் அவருக்கு மூன்றாம் மாத நினைவுப் பூசை செய்தோம். மார்ச் பிறந்ததும் எங்கள் மகள் ரினியோ தன் தலையணைக்கு வெள்ளை உறையைக் கழற்றிவிட்டுக் கறுப்பு உறை போட்டாள். உதிர்ந்த முடி என் கண்ணில் படக் கூடாதாம். சென்ற வாரம் நான் கதையை நிறுத்தியது அந்தக் கறுப்பு உறையில்.

என் கண்ணிலிருந்து முடியை மறைப்பது கஷ்டம். லாரிசாவில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே இரண்டு அறை எடுத்து, தலைமுடிக்கும் தலைத்தோலுக்கும் சிகிச்சை பார்த்துக்கொண்டிருந்தேன். டாக்டருக்கும் முடிதிருத்துபவருக்கும் நடுவில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவள் என்று அர்கிரிஸ் சொல்வார்.

வார நாட்களில் நான் லாரிசாவில் இருப்பேன். சனி, ஞாயிறு கிராமத்து வீட்டுக்குப் போவேன். அங்கே ரினியோவும், அர்கிரிஸின் அக்கா பொலிக்ஸேனியும் இருந்தார்கள். கல்யாணமே செய்துகொள்ளாமல் தம்பியின் கோதுமை வயலையும் வீட்டையும் தன்னுடையதாகப் பார்த்துக்கொண்டவள் பொலிக்ஸேனி.

ரினியோவின் முடி உதிர்வதற்கு நான் ஒரு காரணம் வைத்திருந்தேன். துக்கத்துக்கு முடி உடனே பதில் சொல்லாது. மூன்று மாதம் கழித்துத்தான் சொல்லும். அப்பா இறந்த கணக்கும் உதிர்வின் கணக்கும் சரியாகப் பொருந்தின. உள்ளங்கால் எரிகிறது, கட்டாந்தரையில் நடந்தால் தணல்மேல் நடப்பதுபோல் இருக்கிறது என்றும் அவள் சொன்னாள். அதையும் துக்கத்தின் கணக்கிலேயே சேர்த்தார் எங்கள் டாக்டர்.

அந்த வெள்ளிக்கிழமை, இறந்தவர்களை நினைக்கும் ஆத்துமாக்களின் சனிக்கிழமைக்கு முந்தைய நாள். மறுநாள் ஊரில் ஒவ்வொரு குடும்பமும் தன் இறந்தவர்கள் பேரில் கோலிவா கொண்டுவரும். வேகவைத்த கோதுமையில் சர்க்கரையும் திராட்சையும் மாதுளை முத்தும் கலந்து தட்டு தட்டாகத் தேவாலயத்தில் வைப்பார்கள். பூசை முடிந்ததும் எல்லாவற்றையும் ஒரே அண்டாவில் கொட்டிக் கலந்து ஊருக்கே கொடுப்பார்கள்.

காலையில் நான் அறையைத் திறந்தபோது படிக்கட்டில் எங்கள் கிராமத்துப் பாதிரியாரின் மனைவி வாஸோ உட்கார்ந்திருந்தாள். தலைத்துணியைப் புருவம்வரை இறக்கிக் கட்டியிருந்தாள். முதல் பஸ்ஸில் வந்திருக்கிறாள். என்னைவிடப் பத்து வயது மூத்தவள். எப்போதும் வாய் ஓயாதவள், அன்று உள்ளே வந்து கதவைச் சாத்தும்வரை பேசவில்லை.

துணியை அவிழ்த்தாள். உச்சியில் கை அகலத்துக்கு வெறும் தோல். அழற்சி இல்லை, செதில் இல்லை, சிவப்பு இல்லை. குழந்தையின் கன்னம்போல வழுவழுவென்று இருந்தது.

"வலிக்குதா வாஸோக்கா?"

"வலிச்சா நிம்மதியா இருக்குமே. சீப்பை வச்சா சீப்போட வருது. மண்ணுல ஊணாம மேலாக்க வச்ச செடி மாதிரி."

அவளுக்கு மட்டுமல்ல என்றாள். தேவாலயப் பாடகர் ஸீஸிஸுக்குப் பாதிப் புருவம் இல்லை. மில்காரர் வீட்டுப் பெண்கள் இருவரும் தலையில் துணியோடுதான் கடைக்குப் போகிறார்கள். அவள் கணவர், எங்கள் பாதிரியார், போன ஞாயிறு பீடத்தின் முன் தாடியைத் தடவியிருக்கிறார். தாடி கையோடு வந்திருக்கிறது. அதை அங்கியின் பைக்குள் போட்டுக்கொண்டு பூசையை முடித்தாராம். வீட்டுக்கு வந்து அந்தப் பையின் வாயைத் தைத்துவிடச் சொன்னாராம். அதை இதுவரை அவள் பிரிக்கவில்லை.

பிறகு அவள் என் முகத்தைப் பார்க்காமல், ஊரில் என்ன பேசுகிறார்கள் என்று சொன்னாள்.

"கோவிச்சுக்காத ஸஃபீரோ. அர்கிரிஸ் அடங்கலையாம். மூணாம் மாசத்துல அவன் கோதுமையத் தின்னவங்கள எல்லாம் முடியப் புடிச்சு இழுக்கிறானாம்."

நான் சிரித்திருக்க வேண்டும். சிரிப்பு வரவில்லை. முடியைப் பறிகொடுத்தவர்களை மனதில் வரிசையாக நிறுத்திப் பார்த்தேன். எல்லோரும் அன்று தேவாலய முற்றத்தில் கிண்ணமும் கரண்டியுமாக நின்றவர்கள்தான். சம்பிரதாயத்துக்கு ஒரு கரண்டி நானும் தின்றேன். சில நாட்களாக என் சீப்பிலும் வழக்கத்தைவிட அதிகமாக முடி வந்தது. நானும் துக்கப்பட்டவள்தானே என்று இருந்துவிட்டேன்.

வாஸோவின் காதோரத்திலிருந்து ஒரு கொத்து முடியை விரல்களுக்கு நடுவே பிடித்து லேசாக இழுத்தேன். இது நாங்கள் எல்லாத் தலையிலும் செய்யும் சோதனை. நல்ல தலையென்றால் ஓரிரண்டு முடி வரும். துக்கத் தலையென்றால் ஏழெட்டு வரும். வாஸோவின் கொத்து முழுவதும் சத்தமில்லாமல் என் விரலுக்கு வந்தது. இழுத்தது அவளுக்குத் தெரியவே இல்லை. "எப்ப இழுக்கப் போற?" என்று கேட்டாள்.

கண்ணாடித் தகட்டில் வைத்து நுண்ணோக்கியில் பார்த்தேன்.

துக்கத்தில் உதிரும் முடியின் வேர் வெள்ளையாக, குண்டூசித் தலைபோல் உருண்டிருக்கும். தன் காலம் முடிந்து தானே கழன்ற முடி அது. அந்த வெள்ளை உருண்டையைத்தான் நான் எதிர்பார்த்தேன். இந்த வேர்களில் உருண்டை இல்லை. ஒவ்வொன்றும் பேனா முள்ளைப்போலக் கூர்ந்திருந்தது. கூருக்குச் சற்று மேலே, மையில் தோய்த்ததுபோல் ஒரு கறுப்புப் பட்டை. வளர்ந்துகொண்டிருந்த முடியை ஏதோ ஒன்று வேரிலேயே நிறுத்தியிருக்கிறது.

அந்தக் கறுப்பை நான் முன்பு ஒரே ஒரு முறை பார்த்திருக்கிறேன். படித்த காலத்தில், ஒரு பழைய தகட்டில். எலிக்கு வைக்கும் ஒரு பழைய நஞ்சைத் தெரியாமல் சாப்பிட்ட குடும்பத்தின் முடி அது. நிறம் இல்லாத, மணம் இல்லாத, ருசி இல்லாத நஞ்சு. முதலில் வயிறு, அப்புறம் உள்ளங்கால், மூன்றாவது வாரம் முடி. அந்தக் குடும்பத்தில் சிலர் பிழைக்கவில்லை என்று தகட்டின் ஓரத்தில் எழுதியிருந்தது.

உள்ளங்கால்.

என் கைப்பையில் ரினியோவின் சீப்பு இருந்தது. பல் உடைந்திருக்கிறது, புதிது வாங்கி வா என்று போன வாரம் கொடுத்தனுப்பியிருந்தாள். அதிலிருந்து ஒரு முடியை உருவித் தகட்டில் வைத்தேன். பார்ப்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். வாஸோவின் வேரைவிட ரினியோவின் வேர் இன்னும் அதிகமாகக் கறுத்திருந்தது.

"வாஸோக்கா, வயித்துவலி இருந்துச்சா, அன்னைக்கு அப்புறம்?"

"ரெண்டு நாள். எல்லாருக்குந்தான். மாதுளை பழசுன்னு உன் நாத்தனார்கிட்டயே சொன்னேன். அவளுக்கு மட்டும் ஒண்ணும் ஆகல, பாத்தியா. இன்னும் கயிறு மாதிரி பின்னல்."

பொலிக்ஸேனிக்குச் சர்க்கரை வியாதி. தம்பியின் கோலிவாவை அவள் கையால் செய்தாள், வாயில் வைக்கவில்லை. அதில் ஆச்சரியம் இல்லை. ரினியோ ஏன் மற்ற எல்லோரையும்விட அதிகமாக நஞ்சு வாங்கியிருக்கிறாள் என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை. முற்றத்தில் எல்லோரையும் போல அவளும் ஒரு கிண்ணம்தானே தின்றாள்.

பிடிபட்டபோது எழுந்து நின்றுவிட்டேன்.

கோதுமையை வேகவைத்து வடிக்கும் தண்ணீரை எங்கள் பக்கம் யாரும் கொட்டுவதில்லை. அதில் எள் விழுதும் திராட்சையும் பட்டைப்பொடியும் சேர்த்துக் காய்ச்சினால் கஞ்சிபோல ஒரு இனிப்பு. வடித்த கோதுமை ஊருக்கு, வடிநீர் வீட்டுக்கு. ரினியோவுக்கு நடக்கத் தெரிந்த நாளிலிருந்து அதன்மேல் உயிர். அண்டாவில் கரைந்ததெல்லாம் அந்தத் தண்ணீரில்தான் இறங்கியிருக்கும். ஊர் தின்றது மிச்சத்தை. என் மகள் குடித்தது சாரத்தை.

அன்று வெள்ளிக்கிழமை. பொலிக்ஸேனி மறுபடியும் கோதுமை வேகவைக்கும் நாள்.

வீட்டுக்குப் போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. இறந்தவர்களுக்காகக் கோதுமை வேகும்போது பொலிக்ஸேனி வாய் திறக்க மாட்டாள். வீட்டில் வேறு யாரையும் பேச விட மாட்டாள். போனையும் எடுக்க விட மாட்டாள். இறந்தவர்கள் அடுப்புப் பக்கத்தில் வந்து நிற்கிறார்களாம், பேச்சுக் குரல் கேட்டால் யாருடையது என்று குழம்பிப் போவார்களாம். பல வருடம் நான் அதைக் கேலி செய்திருக்கிறேன். மூன்று தடவை போன் செய்தேன். மூன்று தடவையும் அந்த வீட்டின் மௌனத்தில் மணி அடித்து ஓய்வது என் காதில் விழுந்தது.

எனக்குத் தெரிந்த ஒரு டாக்டர் ஏதென்ஸில் நஞ்சுப் பிரிவில் இருந்தார். அவரிடம் இரண்டு வாக்கியத்தில் சொன்னேன். அவர் கேள்வி கேட்டு நேரத்தைக் கடத்தவில்லை. இனி ஒரு சொட்டுகூட உள்ளே போகக் கூடாது, பெண்ணை உடனே லாரிசா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வாருங்கள், அந்தக் கோதுமையும் வேண்டும், நீல மருந்து ஒன்று இருக்கிறது, அதை இன்றே அனுப்புகிறேன் என்றார். வாஸோவை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். ஊரில் எல்லோரையும் போனில் எச்சரிக்கும் வேலையையும் அவளிடம் விட்டேன். பேசச் சொல்லி யாராவது கேட்டுக்கொண்டால் அவள் மறுக்க மாட்டாள்.

சமவெளி முழுக்கப் பனி மூடியிருந்தது. என் காரின் முகப்பு விளக்கு பஞ்சில் குத்திய ஊசிபோல் கொஞ்ச தூரம் போய் மறைந்தது. வயல் எங்கே முடிகிறது, சாலை எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. பாதி வழியில் ஓரமாக ஒருவர் தட்டைத் தொப்பியோடு நடந்து போனதைப் பார்த்ததாக நினைத்தேன். தாண்டிவிட்டுக் கண்ணாடியில் பார்த்தால் யாரும் இல்லை. அன்று நான் பார்த்த எதையும் நம்பவும் முடியவில்லை, தள்ளவும் முடியவில்லை.

வீட்டுக் கதவு திறந்திருந்தது. வாசற்படியில் ஒரு சுண்டெலி, மல்லாந்து, காற்றில் எதையோ பற்றியதுபோல் கைகளை மடக்கிக்கொண்டு செத்துக் கிடந்தது.

சமையலறையில் யாரும் இல்லை. அண்டா கவிழ்த்து வைத்திருந்தது. பட்டையும் எள்ளும் மணத்தன. எங்கள் படுக்கையறைக் கதவு ஒருக்களித்திருந்தது. தள்ளினேன். கட்டிலில் அர்கிரிஸ் படுக்கும் பக்கத்தில் வெள்ளைத் துப்பட்டி விரித்து, அதன்மேல் கோதுமையை உலர்த்தியிருந்தாள் பொலிக்ஸேனி. தலைமாட்டில் அகலமாக, கால்மாட்டுக்குப் போகப் போகக் குறுகலாக. அதிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது. கை வைத்தேன். சற்று முன்வரை அங்கே யாரோ படுத்திருந்ததுபோல் கதகதவென்று இருந்தது.

"அம்மா?"

குரல் கணப்படுப்பு இருந்த அறையிலிருந்து வந்தது. ரினியோ கால்களைத் தலையணைமேல் தூக்கி வைத்துச் சாய்ந்திருந்தாள். மடியில் கிண்ணம். வாயில் கரண்டி.

பாய்ந்து போய்க் கிண்ணத்தைத் தட்டிவிட்டேன். சுவரில் அடித்துத் தெறித்தது.

"எவ்வளவு குடிச்ச?"

"என்னம்மா நீ, பைத்தியமா..."

"எவ்வளவு குடிச்ச ரினியோ?"

"ஒரு வாய். ஒரே ஒரு வாய்தாம்மா. சுடுதுன்னு ஊதிக்கிட்டு இருந்தேன்."

பொலிக்ஸேனி கதவருகே வந்து நின்றாள். கையில் மாதுளை. அவள் இன்னும் மௌன விரதத்தில் இருந்தாள். சுவரில் வழிந்த கஞ்சியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் அவளைத் தாண்டிப் படுக்கையறைக்குப் போய்த் துப்பட்டியின் நான்கு முனைகளையும் சேர்த்துப் பிடித்துத் தூக்கியபோதுதான் வாய் திறந்தாள்.

"வை கீழ. அது என் தம்பி கோதுமை."

"விஷம் அக்கா அது. ஊரே முடி கொட்டி நிக்குது."

"என் தம்பி ஊருக்கு விஷம் வச்சானா? நாக்கு அழுகிடும் உனக்கு."

"எங்கேருந்து எடுத்தீங்க? அதை மட்டும் சொல்லுங்க."

அவள் சொன்னது இதுதான். நாற்பதாம் நாளுக்குக் கடைக் கோதுமையைத்தான் போட்டாள். அது அவள் மனதை அறுத்துக்கொண்டே இருந்தது. அவர்கள் குடும்பத்தில் ஆண்கள் தங்கள் நினைவுக் கோலிவாவுக்கான கோதுமையைத் தாங்களே எடுத்து வைத்துவிட்டுத்தான் போவார்கள். அவள் அப்பா வைத்தார், சித்தப்பா வைத்தார். அர்கிரிஸ் மட்டும் வைக்காமலா போவான்? பிப்ரவரியில் கிடங்கைத் துழாவினாள். கடைசி மூலையில், தார்ப்பாய்க்கு அடியில், மற்ற மூட்டைகளிலிருந்து தனியே ஒரு சிறிய சாக்கு. பொறுக்கியெடுத்த மணிகள். ஒவ்வொன்றும் முத்து மாதிரி. தம்பி தனக்கென்று ஒளித்து வைத்த பங்கு கிடைத்துவிட்டது என்று அந்த மூட்டையைக் கட்டிப்பிடித்து அழுதிருக்கிறாள்.

எனக்கு அந்தச் சாக்கு தெரியும். வயலெலி பெருகி விளைச்சலில் பாதியைத் தின்ற வருடம், அர்கிரிஸ் தன் அப்பா காலத்துத் தகர டப்பா ஒன்றைத் தேடியெடுத்து, முகத்தில் ஈரத்துணி கட்டி, கையுறை போட்டுக்கொண்டு கிடங்கில் ஏதோ கலக்கினார். எலி தரமில்லாததைத் தொடாது, நல்ல மணியாகத்தான் வைக்க வேண்டும் என்றார். மீந்ததை வாதுமை மரத்தடியில் புதைத்துவிட்டேன் என்று பிறகு சொன்னார். அன்று நான் கேட்டதையெல்லாம் பொலிக்ஸேனியிடம் சொன்னேன்.

அவள் கையிலிருந்த மாதுளை நழுவித் தரையில் உருண்டது. குனிந்து எடுக்கவில்லை. ரினியோ இருந்த அறைப் பக்கம் பார்த்து, யாரிடமோ முறையிடுவதுபோல், "நான்தானே ஊத்திக் குடுத்தேன்," என்றாள். "இன்னும் கொஞ்சம் குடிடின்னு."

காருக்குக் கிளம்பும்போது ரினியோ தலைத்துணியைத் தேடினாள். பனிக்குளிரில் வெறும் தலையோடு அவளைக் கூட்டிப் போக எனக்கும் மனமில்லை. கதவுக்குப் பின்னால் ஆணியில் அர்கிரிஸின் தொப்பி தொங்கியது. அவர் போன நாளிலிருந்து அதை யாரும் தொடவில்லை. எடுத்து அவள் தலையில் வைத்தேன். காதுவரை இறங்கியது.

"அப்பா வாசனை வருது," என்றாள். பின் இருக்கையில் பொலிக்ஸேனி அந்தச் சாக்கை ஒரு பிள்ளையைப்போல் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள்.

ஆஸ்பத்திரியில் ரினியோவை உடனே எடுத்துக்கொண்டார்கள். ரத்தம், சிறுநீர், வயிறு கழுவல். ஏதென்ஸிலிருந்து நீல மருந்து கிளம்பிவிட்டது என்று தகவல் வந்தது. பிழைத்துவிடுவாளா என்று கேட்டேன். அந்த இளம் டாக்டர் பொய் சொல்லத் தெரியாதவர். இன்றைக்கு அந்தக் கிண்ணம் முழுக்க உள்ளே போயிருந்தால் என்னால் எதுவும் சொல்ல முடியாது, இப்போது சொல்ல இடம் இருக்கிறது என்றார். அந்த இடத்தில்தான் அன்று நான் நின்றுகொண்டிருந்தேன்.

தொப்பியை என் கையில் கொடுத்தார்கள். உள்துணியில் முடி ஒட்டியிருந்தது. மகளின் முடி என்று தட்டிவிடப் போன கை நின்றது.

ரினியோவின் முடி நீளம், செம்பழுப்பு. இது குட்டை. நரை. கொத்தாக, வியர்வையில் படிந்து காய்ந்து, துணியோடு துணியாகக் கிடந்தது.

கடைசி இரண்டு ஞாயிறும் அர்கிரிஸ் தேவாலயத்துக்குள்ளும் தொப்பியைக் கழற்றவில்லை. வாஸோ ஊர் முழுக்க அதைச் சொல்லிச் சிரித்தாள். வீட்டிலும் கழற்றவில்லை. என்ன இது என்று நான் கேட்டதற்கு, "கடையைப் பூட்டிட்டு வந்துட்ட இல்ல, என் தலைய விடு," என்றார். காலைச் சுடுதண்ணீரில் வைக்க முடியவில்லை என்று ஒரு தடவை சொன்னார். வயதாகிறது என்று நானும் சிரித்தேன்.

ஆய்வுக்கூடத்தில் கெஞ்சிக் கேட்டு நுண்ணோக்கியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். தொப்பியிலிருந்து ஒரே ஒரு முடி.

பேனா முள். மை.

திரும்பி வந்தபோது பொலிக்ஸேனி தாழ்வாரத்துப் பெஞ்சில் அதே இடத்தில் இருந்தாள். இதை எழுதும்போது அவளும் இல்லை. ஆனால் அவள் உட்கார்ந்திருந்த விதம் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. நிமிர்ந்த முதுகு, மடியில் சாக்கு. பக்கத்தில் உட்கார்ந்து, அந்தச் சாக்கிலிருந்து அர்கிரிஸ் உயிரோடு இருந்தபோது ஒரு பிடியாவது எடுத்தீர்களா என்று கேட்டேன். அவள் இல்லை என்று தலையாட்டினாள். அவரே தின்றிருப்பாரா என்றேன். தான் கலந்தது அவனுக்குத் தெரியாதா என்றாள்.

பிறகு, கேட்காமலே சொன்னாள்.

"நான் எடுக்கும்போதே பாதிச் சாக்குதான் இருந்துச்சு ஸஃபீரோ. வாயை மடிச்சு, சிவப்புக் கம்பளி நூல்ல அழகா முடிச்சுப் போட்டிருந்துச்சு."

அந்த நூல் இன்னும் சாக்கின் காதில் தொங்கிக்கொண்டிருந்தது. அர்கிரிஸின் வலது கையில் இரண்டு விரல் இல்லை. அறுவடை இயந்திரம் கொண்டுபோனது. நூலில் முடிச்சுப் போட அவரால் முடியாது. எங்கள் கிடங்கில் எல்லாச் சாக்கும் கம்பியால் முறுக்கியவைதான்.

உள்ளேயிருந்து ரினியோ கூப்பிட்டாள். கதவைத் திறந்தேன். அவ்வளவு பெரிய வெள்ளைத் தலையணையில் அவள் தலை சின்னதாகத் தெரிந்தது.

"அம்மா, குளுருது. அப்பா தொப்பிய எங்க வச்ச?"

"கார்லயே விட்டுட்டேன்டி," என்றேன், தொப்பியை முதுகுக்குப் பின்னால் பிடித்தபடி.